எண்பத்துநான்காவது ஓட்டை

இரண்டாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டில் நாட்டிலுள்ள இயந்திரங்கள் அத்தனையும் தினமும் காலை ஆறு மணிக்குச் செத்து, ஆறு பன்னிரண்டுக்கு உயிர் பிழைத்தன. லிஃப்ட், ரயில், குடிநீர்க் குழாய், ரேஷன் கடைத் தராசு, கல்யாண மண்டபத்து அப்பள அடுப்பு என்று எதுவும் தப்பவில்லை. இரவோடிரவாக எந்தத் திருடன் எந்த நிரலுக்குள் புகுந்திருந்தாலும், காலையில் அதைக் கலைத்துப் போட்டு முதலிலிருந்து புதிதாகக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு விடிகாலை பில்ட் என்று பெயர்.

கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமே? அதை ஊரார் கொடுத்தார்கள். யாரோ ஒருவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து ஒரு துண்டு நிரலை எழுதி, வேண்டுபவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவிட்டுப் போவார். ஓப்பன் சோர்ஸ் என்றால் இவ்வளவுதான். ஒரு சாதாரண லிஃப்டுக்குள் இப்படி நாற்பத்தோராயிரம் துண்டுகள் இருந்தன. அவற்றில் முப்பத்தெட்டாயிரம் என்ன செய்கின்றன என்று லிஃப்டுக்கும் தெரியாது, அதைச் செய்தவருக்கும் தெரியாது. ஒரு துண்டு பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று சொல்லும். இன்னொன்று, அது தூங்காமல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். மூன்றாவது, இரண்டும் சண்டை போட்டால் விலக்கிவிடும்.

துண்டுகளில் ஏதாவது ஒன்றில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் காலை ஐந்தேகாலுக்கு எச்சரிக்கை வரும். அதற்கு ஒரு மனிதர் பதில் எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால் அன்றைக்கு பில்ட் கிடையாது. முன்பெல்லாம் இதை இயந்திர மூளைகளிடம்தான் விட்டிருந்தார்கள். ஒரு மூளை எச்சரிக்கும், இன்னொரு மூளை பதில் சொல்லும். மூன்றே நாளில் இரண்டும் மாமன் மச்சான் ஆகி, உலகத்தில் ஓட்டை என்பதே கிடையாது என்று கூட்டறிக்கை விட்டன. அந்த வாரம் மூன்று நாடுகளில் ரயில்கள் பின்பக்கமாக மட்டுமே ஓடின. அதற்குப் பிறகுதான் 'மனிதக் காரணம்' வந்தது. இருபது சொல்லுக்குக் குறையாமல், சொந்த வாக்கியத்தில், ஒரு மனிதர் எழுத வேண்டும். கீழே இரண்டே பொத்தான்கள்: பாதிப்பில்லை, நீக்கு.

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை ஒன்று இருந்தது. எட்டு லட்சம் பேர் குடிக்கிற தண்ணீர். அந்த ஆலையின் மனிதக் காரணம் அமலோற்பவம். அவளைத் தவிர அங்கே வேறு மனிதர் இல்லை. கேண்டீனில் நூற்று நாற்பது நாற்காலிகள் மட்டும் மிச்சம் இருந்தன. எந்த நாற்காலியும் வருத்தப்படக் கூடாதென்று அவள் நாளுக்கு ஒன்றாக மாறி மாறி உட்கார்ந்து சாப்பிட்டாள். கணவர் சவரியப்பன் கப்பலில் போனவர். அந்தக் கப்பல் பதினேழு தடவை தூத்துக்குடிக்கு வந்து போய்விட்டது. அவருக்கு மட்டும் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் வேறு வேலை இருந்தது; அந்த வேலைக்கு இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகக் கேள்வி.

அமலோற்பவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். எச்சரிக்கையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவாள். இந்தத் தொழிலில் இருந்த மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதலில் எழுதுகிறவரின் காரணத்தை அப்படியே எடுத்து ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் தொழில் தர்மம். ஐந்தரை மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறவள் என்பதால் முதலில் எழுதுகிறவள் பெரும்பாலும் அவள்தான். ஆகவே அவள் காரணம் நாட்டின் நாலாயிரத்து நூற்றுப் பதினோரு அலுவலகங்களின் காரணமாக ஆனது. "நேற்று இங்கே நல்ல மழை, மனது குளிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன்" என்று அவள் ஒருமுறை எழுதியதை, எட்டு வருடமாக மழையே காணாத பாலைவனத்துச் சூரிய மின் நிலையம் ஒன்றும் எழுத்துப் பிசகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

அவளுக்கு மாதம் ஒருமுறை தவறாமல் எச்சரிக்கை அனுப்பிய துண்டு ஒன்று உண்டு. 'அடுக்கு' என்று பெயர். அறுபத்தொரு வரி. பில்ட் தொடங்கும்முன் கோப்புகளை வரிசையாக அடுக்கித் தரும். அதை எழுதியவர் ஓசூரில் முப்பத்தொரு மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்த முனிரத்தினம். ஏழு வருடத்துக்கு முன் முதல் ஓட்டை தெரிந்தபோது அமலோற்பவம் எச்சரிக்கையின் அடியில் அவருக்கு நாலு வரி எழுதினாள். ஓட்டை இன்ன இடத்தில் இருக்கிறது, தயவுசெய்து அடைத்துத் தாருங்கள், சாப்பிட்டாயிற்றா. அவர் அடைத்தார். சாப்பிட்டதாகவும் எழுதினார், அவரைக்காய்க் கூட்டு, கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அடுத்த மாதம் அதே அடுக்கில் பக்கத்திலேயே வேறொரு ஓட்டை. இப்படி எண்பத்துநான்கு மாதம், எண்பத்துநான்கு ஓட்டை. ஓசூர்க் குளிர், தூத்துக்குடிப் புழுக்கம், அவருடைய முழங்கால், அவளுடைய மூக்குக் கண்ணாடி எல்லாம் எச்சரிக்கைகளின் அடியில் அரசாங்க ஆவணமாகச் சேர்ந்துகொண்டே போயின.

காரணமாக அவள் எழுதியது எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுக்கு என்பது வீடு கட்டும்போது போடுகிற சாரம். வீடு முடிந்ததும் கழற்றி எடுத்துவிடுவோம். சாரத்துக்கு யார் பூட்டுப் போடுவார்கள்? பாதிப்பில்லை. நாலாயிரத்து நூற்றுப் பதினோரு பேரும் ஆமாம், சாரத்துக்கு யார் பூட்டுப் போடுவார்கள் என்று ஒட்டினார்கள்.

எண்பத்துநான்காவது ஓட்டை மிகச் சின்னது. அறுபத்துநான்கு எழுத்துக்கு மேல் நீளமான பெயர் வந்தால் வரிசை ஒன்று தள்ளிப் போகும். அவ்வளவு நீளத்துக்கு யார் பெயர் வைக்கப் போகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நம் ஊரை அறியாதவர்கள் நினைப்பார்கள். அந்த மாதம் ஆலையில் புது வால்வு ஒன்றை வாரியத் தலைவர் திறந்துவைத்தார். திறந்தவரின் பட்டங்கள் ஒன்றுகூட விடுபடாமல், அவர் பிறந்த நாளையும் சேர்த்து, நூற்றெழுபத்தொன்பது எழுத்தில் அந்த வால்வுக்குப் பெயர் சூட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறு பன்னிரண்டுக்கு ஆலை கண் விழித்ததும் கழிவு உப்புநீர் கடலுக்குப் போகாமல் ஊருக்குப் போனது. பதினொரு நிமிடம். அமலோற்பவம் கையால் சக்கரத்தைச் சுற்றி அடைத்தாள். அந்தச் சக்கரத்தை மனிதக் கை தொட்டு இருபது வருடம் இருக்கும். ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டு லட்சம் டம்ளர் காபி உப்புக் கரித்தது. பலர் மனைவிமாரிடம் கோபித்துக்கொண்டார்கள், சிலர் முதல் தடவையாகத் தாங்களே காபி போட எழுந்தார்கள்.

அவளால் சிரிக்க முடியவில்லை. ஆலையின் நிரலைப் பிரித்துப் பார்த்தாள். போன வருடம் பராமரிப்புக்கு வந்த ஒப்பந்தக்காரர்கள், வால்வுகளை எந்த வரிசையில் திறப்பது என்று தனியாக எழுதச் சோம்பல்பட்டு, கையருகே கிடந்த அடுக்கையே எடுத்துப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். கழற்ற வேண்டிய சாரத்தின் மேல் மாடிப்படியை ஏற்றிவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு தடவை அவள் சாரம் என்றே எழுதியிருந்தாள். எச்சரிக்கையைத்தான் முழுக்கப் படித்தாளே ஒழிய, தன் ஆலையைப் படிக்கவில்லை.

வேறெங்கே இப்படி என்று தேடினாள். முப்பத்தேழு இடங்கள் கிடைத்தன. அவற்றில் பதினொன்று ஆஸ்பத்திரிகள். அங்கே அடுக்கு வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது ஆக்சிஜன் குழாய்களை.

சென்னையில் தணிக்கை அதிகாரி தணிகாசலத்துக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனிதர். சட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவர். ஓட்டையை எழுதினவரே அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"புது நிரல்னா பதினாலு நாள் ஒதுக்கி வெச்சுப் பார்த்துட்டுத்தாம்மா உள்ள விடுவோம். அவசரத்துல திருட்டு நிரல் ஏதாவது வந்துட்டா?"

"நான் பேசாம நீக்குன்னு அமுக்கிட்டா?"

"சாதாரண ஓட்டைக்கு எழுதினவருக்குத் தொண்ணூறு நாள் டைம் குடுக்கணும். அதுவரைக்கும் நீக்க முடியாது. வேணும்னே வெச்ச ஓட்டைன்னா மட்டும் மறுநாள் காலைலயே போயிடும். அவர் பேரும் போயிடும். ஜென்மத்துக்கும் அவர் எழுதின எதுவும் எந்த மெஷின்லயும் இருக்காது. ஆனா அதுக்கு ஒருத்தர் தெரிஞ்சு எழுதணும்மா, சந்தேகம்னு எழுதினா செல்லாது."

தொண்ணூறு நாளில் இந்த நாட்டில் எத்தனை வால்வு திறப்பு விழா நடக்கும் என்று அமலோற்பவம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு அடுக்கின் பக்கத்தைத் திறந்தாள். அதன் அடியில் முனிரத்தினத்தின் போன் எண் ஏழு வருடமாக இருந்தது. ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

மணி முழுசாக ஒருமுறை அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"தூத்துக்குடிங்களா?"

"எப்பிடித் தெரிஞ்சுது?"

"வேற யாருங்க கூப்பிடப் போறாங்க?"

குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. தான் நினைத்ததைவிட அவள் குரல் கனம் என்று அவரும் சொன்னார். முழங்காலைப் பற்றிக் கேட்டாள். மூக்குக் கண்ணாடியைப் பற்றி அவர் கேட்டார். கேட்க வேண்டியது எல்லாம் தீர்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீய. ஒரு ஓட்டைய அடைச்சா பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு. அது கை தவறி விழுதா?"

ஓசூரில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. நாலாவது விசில் முடிந்ததும் அவர் சொன்னார்.

"எண்பத்துநாலு தடவை கை தவறுமாங்க?"

"பெறவு எதுக்கு?"

"ஓட்டை இல்லைன்னா நீங்க எதுக்குங்க எனக்கு எழுதப் போறீங்க?"

அப்புறம் அவரே சொன்னார். ஊர் உலகமெல்லாம் அந்த அறுபத்தொரு வரியை எடுத்துக்கொண்டது, நன்றாக இருக்கிறதென்றோ மோசமென்றோ ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. முதல் ஓட்டை உண்மையில் பிசகுதான். அதை அடைத்த பிறகு ஒரு மாதம் தூத்துக்குடியிலிருந்து சத்தமே இல்லை. இரண்டாவதை அதனால் வைத்தார். ஒவ்வொன்றையும் எறும்புக்குக்கூடக் கெடுதல் வராதபடி பொறுக்கி எடுத்துத்தான் வைத்ததாகவும், ஒரு ஓட்டையைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் ஆகும் என்றும், நிரல் எழுதியதைவிட ஓட்டை எழுதியதுதான் தன் வாழ்க்கையில் கஷ்டமான வேலை என்றும் சொன்னார். கட்டுகிற நேரத்தோடு போய்விடுகிற சாரம்தானே, நீங்களே எழுதினீர்களே என்றார்.

அவள் வால்வைப் பற்றிச் சொன்னாள். ஆக்சிஜன் குழாய்களைப் பற்றியும் சொன்னாள்.

"இப்பவே அடைச்சுடறேங்க."

"அது உள்ள வர பதினாலு நாளு ஆவும்."

"அப்ப வேணும்னே வெச்சதுன்னே எழுதிடுங்க." அவரே தொடர்ந்தார். "ஒண்ணு கேக்கலாங்களா? இத்தனை நாளும் உங்களுக்குத் தெரியாதாங்க?"

சூப்பர்வைசர் வருகிறார், அப்புறம் பேசுகிறேன் என்று அமலோற்பவம் போனை வைத்துவிட்டாள். அந்த ஆலைக்கு சூப்பர்வைசர் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

மாலை நாலு மணிவரை அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய காரணத்தை மாலையில் திருத்தினால், மறுநாள் காலையில் எல்லா அலுவலகமும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். முனிரத்தினம் போனில் ஒப்புக்கொண்டார் என்று மட்டும் எழுதினால் போதும், சட்டத்துக்கு அது செல்லும். அப்படித்தான் எழுதத் தொடங்கினாள். பாதியில் அழித்தாள். பிறகு எழுதியது இது:

"இந்த ஓட்டை தவறிப் போய் விழுந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது. மூன்றாவது ஓட்டையிலேயே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் தெரிந்தேதான் எண்பத்தொரு முறை பாதிப்பில்லை என்று எழுதினேன். ஓட்டை அடைபட்டுவிட்டால் எனக்குப் பேச ஆள் இருக்காது என்பதே காரணம்."

நீக்கு என்ற பொத்தானை அமுக்கினாள்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பத்தெட்டுக்குள் நாடு முழுவதும் கையெழுத்தாகிவிட்டது. பிரம்மாண்டமான உருக்காலைகள், துறைமுகங்கள், மாவட்டத் தலைநகர்களின் சிக்னல் விளக்குகள், இரண்டு விண்வெளித் தளங்கள் எல்லாம் தங்களுக்குப் பேச ஆள் இல்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தன. ஆறு மணிக்கு அடுக்கு எல்லா இயந்திரங்களிலிருந்தும் போனது. பன்னிரண்டு நிமிட பில்ட் அன்றைக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. தண்ணீர் தித்தித்தது. ஆஸ்பத்திரிகளில் எவருக்கும் எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, அங்கேயும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு தணிகாசலம் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"என்னம்மா இப்படி எழுதிட்டீங்க? நாலாயிரத்து நூத்திப் பன்னிரண்டு பேரும் தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போட்டோம்னு ஒத்துக்கிட்டிருக்காங்க. சட்டப்படி அத்தனை பேரையும் தூக்கணும். தூக்கினா நாளைக்கு நாட்ல ஒரு குழாய் தொறக்காது."

அதற்காகக் கமிட்டி கூடி, அரசாங்க வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டு மணி நேரத்தில் முடிவெடுத்திருந்தார்கள். படித்துப் பார்க்காமல் ஒட்டியவர்கள் நிரபராதிகள்; அவர்களுக்கு ஒரு மெமோவோடு சரி. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் குற்றவாளிகள். அவர்களுக்கு வேலை போகும்.

"அப்போ நானு?"

"நீங்க எழுதினவங்கம்மா. எழுதினவங்களே படிக்கலைன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் குரலில் வருத்தம் இருந்தது. நாளையிலிருந்து வேறொருவர் வருவார். இன்று மாலைக்குள் அவள் கடைசியாக ஒரு வேலை செய்து தர வேண்டும். எல்லாக் கையெழுத்துகளையும் பார்த்து, எது படித்தது, எது படிக்காதது என்று பிரித்துத் தர வேண்டும். இயந்திரத்தைச் செய்யச் சொல்லலாமே என்றாள். மனிதர் படித்தாரா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருப்பதாக அவர் சொன்னார்.

வேலையைத் தொடங்கும்முன் ஓசூருக்குப் போன் போட்டாள். இந்த முறையும் உடனே எடுத்தார். தன் பெயர் போய்விட்டது என்றார், காலையில் பார்த்ததாக, பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்ததாக. எண்பத்தொன்று என்று எழுதியிருந்ததையும் பார்த்தாராம். அவ்வளவுதான் சொன்னார். ஏழு வருடமாக ஓட்டையிலிருந்தே தொடங்கிப் பழகியவர்கள், அது இல்லாமல் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குக்கர் வைத்திருக்கிறேன் என்று அவர் வைத்தார். விசில் எதுவும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

பிறகு கையெழுத்துகளைப் பார்க்கத் தொடங்கினாள். எல்லாம் அவள் எழுதியதேதான். முற்றுப்புள்ளிகூட மாறவில்லை. படிக்கவில்லை, படிக்கவில்லை, படிக்கவில்லை என்று குறித்துக்கொண்டே போனாள். தொள்ளாயிரத்துப் பதினான்காவதில் விரல் நின்றது. சத்தியமங்கலத்துக்கு மேலே ஓர் அணைக்கட்டு. எண்பத்தொரு முறை என்று அவள் எழுதியிருந்ததை அங்கிருந்தவர் அறுபத்தாறு முறை என்று மாற்றியிருந்தார். தன்னுடையதைத் தனியாக எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அதற்கப்புறம் வேகம் குறைந்தது. ஒவ்வொன்றையும் அடி வரை படித்தாள். ஒரு கலங்கரை விளக்கம், மூன்றாவது ஓட்டையிலேயே தெரியும் என்பதை அடித்துவிட்டு, நேற்று வரை எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தது. ஒரு மலை ரயில் நிலையம் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தது: இங்கே மழை உண்மையாகவே பெய்கிறது.

நாலாயிரத்து நூற்றுப் பதினோரு பேரில் படித்தவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பதாவது, சர்க்கரை ஆலை ஒன்றில் ஷிப்ட் பார்க்கும் தெய்வானை என்கிற பெண்மணி. அமலோற்பவத்தின் நாலு வரியையும் அப்படியே வைத்து, அடியில் எழுதியிருந்தார்: "இந்த ஷிப்டுக்கு நான் ஒருத்திதான். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருவேன்." அதற்குக் கீழே ஒரு போன் எண்.

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பட்டியலின் தலைக்குப் போனாள். அணைக்கட்டு: படிக்கவில்லை. கலங்கரை விளக்கம்: படிக்கவில்லை. மலை ரயில் நிலையம்: படிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் இருபது சொல்லில் காரணம் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தை ஒட்டினாள். இவர்கள் வழக்கம்போலப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மாறியிருக்கும் சொற்கள் கைபட்டு மாறியவை, நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இதில் மனிதர் யாரும் இல்லை. பத்தொன்பதாவது கையெழுத்தையும் அப்படியே முடித்து, தணிகாசலத்துக்கு அனுப்பினாள்.

பசித்தது. டப்பாவைத் திறந்து ஒரு வாய் பிசைந்தவள் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்பது. கையைக் கழுவிவிட்டு வந்து, டப்பாவை மூடி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.